செபத்தோடு நின்றால் போதாதா? எதற்கு மனித உரிமை, சுற்றுச்சூழல் என்று அலைகிறீர்கள்?

கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். திருகோணமலைப் பக்கம் சமாதானம், மனித உரிமை, சுற்றுச்சூழல் என்று எதை எடுத்தாலும் கிறிஸ்தவர்கள் நிற்கிறார்களே, கோயிலுக்குள் செபித்தால் போதாதா, இதற்குள் மதமாற்றம் இல்லையா என்று. நான் இந்த ஊர்க் கத்தோலிக்கன். பங்கின் நீதி சமாதானக் குழுவில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடித் திரிந்தவன். கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். மற்றவையெல்லாம் அதற்கு முன்னுரைதானே?

அந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரமும் நீட்டியவர்களை இந்தக் கரையில் நாங்களும் பார்த்தோம். வெட்கமாக இருந்தது. அதனால் எங்கள் குழுவில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம்: ஒரு வீட்டுக்குப் போகும்போது கையில் பைபிள் இருக்கக்கூடாது, "செபிக்கட்டுமா" என்று நாங்களாகக் கேட்கக்கூடாது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் "அப்ப நாங்கள் என்ன என்ஜிஓவா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும் என்று விட்டோம்.

வெளியிலிருந்து பார்த்தால் இது பதாகை பிடிக்கிற வேலை. உள்ளே வந்தால் முக்கால்வாசி போட்டோ கொப்பி அடிக்கிற வேலை.

மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், சைவக்காரி. மகன் காணாமல் ஆக்கப்பட்டவன். புடவைக்கடைப் பை ஒன்றுக்குள் எல்லாம் வைத்திருந்தார்: பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், 2010இல் வந்த நல்லிணக்க ஆணைக்குழு, காணாமல்போனோரைப் பற்றி விசாரிக்க 2013இல் அமைத்த பரணகம ஆணைக்குழு, அதற்குப் பிறகு காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கொடுத்ததின் பிரதிகள். ஒவ்வொரு இடத்திலும் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். ஒருநாள் மகனின் படத்தைக் கொப்பி அடிக்கப் போனோம். லெமினேட்டின் பளபளப்பில் முகம் கறுப்பாகவே விழுந்தது. கடைப் பொடியன் "மேல்தாளை வெட்டி எடுத்தா வடிவா வரும் அம்மா" என்றான். அவர் படத்தை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, "வேண்டாம் தம்பி, காத்துப் பட்டா மங்கிடும்" என்றார். கடைசியில் வாசலில் வைத்து, வெளிச்சம் தெறிக்காமல் சரித்துப் பிடித்து, நான் போனில் எடுத்தேன். எடுக்கும்போது சொன்னார்: "இப்ப இருந்தா தேப்பன் மாதிரி முன்மண்டை வழுக்கையாகியிருக்கும்."

மரணச் சான்றிதழ் எடுத்தால் இழப்பீட்டுக்கு வசதி என்று ஒரு அலுவலகத்தில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "செத்தவீடே செய்யேல்ல, சான்றிதழ் எப்பிடி எடுக்கிறது?" என்று திரும்பி வந்துவிட்டார். ஆள் காணக்கிடைக்கவில்லை என்று சான்றிதழ் கொடுக்கும் வழி 2016இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வந்தது. அதை அவருக்கு விளங்கப்படுத்த மூன்று தரம் மூதூருக்குப் போனோம்.

செபம் எனக்கு இந்த இடத்தில்தான் வருகிறது. சாமுவேல் இரண்டாம் புத்தகம் 21ஆம் அதிகாரத்தில் ரிஸ்பா என்றொரு தாய் இருக்கிறாள். கொல்லப்பட்ட இரண்டு பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் தொடாமல், அறுவடை தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை பாறையில் சாக்கு விரித்துக் காவல் இருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட எழுதப்படவில்லை. செய்தி தாவீது அரசனின் காதுக்குப் போகிறது, எலும்புகள் அடக்கம் செய்யப்படுகின்றன. 2017இல் திருகோணமலையில் தாய்மார் படங்களோடு தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தபோது எனக்கு வேறு வியாக்கியானம் தேவைப்படவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காராமல் அந்த அதிகாரத்தைப் பூசையில் எப்படி வாசிப்பது?

இதற்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. 2012வரை திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே மறைமாவட்டம். அதில் மட்டக்களப்பு பிரஜைகள் குழுவுக்குத் தலைமை தாங்கிய சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்க இயேசுசபைக் குரு இயூஜின் ஹேபர்ட் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு சேர்த்துக் காணாமல் போனார். காணாமல் போனவர்களைத் தேடியவரின் பெயரும் அதே பட்டியலில் ஏறியது.

சுற்றுச்சூழலுக்கு வருகிறேன். இங்கே அதைக் காணியிலிருந்து பிரிக்க முடியாது. 2006இல், போரில், குண்டு விழுந்து மூதூருக்குப் பக்கத்துச் சம்பூர்ச் சனம் ஓடியது; கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஒன்பது வருஷம் கிடந்தது. அந்தக் காணியில் ஒரு பகுதி கைத்தொழில் வலயத்துக்கு என்றார்கள், பக்கத்தில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். 2015 ஓகஸ்டில் 818 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சுற்றுச்சூழல் பற்றிப் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய லவுதாத்தோ சீ என்ற சுற்றுமடல் வெளிவந்திருந்தது. நான் அதை வைத்துக்கொண்டு பூசை முடிந்து நிலக்கரிச் சாம்பல், கொட்டியாரக்குடாவில் விடப்போகும் சுடுநீர் என்று விளக்க, பின்வாங்கிலிருந்து ஒரு மாமா கேட்டார்: "அப்ப கரண்டுக்கு என்ன செய்யிறது தம்பி?" என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. நிலக்கரித் திட்டத்தைக் கைவிடுவதாக 2016 செப்டெம்பரில் அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2025இல் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். மாமாவுக்கு இப்போது பதில் இருக்கிறது. ஆனால் அதே வருஷம் சூரிய மின் திட்டத்துக்கு வயல் போகிறதென்று திருகோணமலை முத்துநகர் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பைபிளில், திராட்சைத் தோட்டத்தைக் கேட்ட ஆகாப் அரசனிடம் "என் முன்னோரின் சொத்து, தரமாட்டேன்" என்ற நாபோத்தின் கதை சூரிய ஒளிக்கும் பொருந்தும்.

எங்கள் குறையையும் சொல்லவேண்டும். அரசாங்கத்துக்கு எதிராக அறிக்கை விடுவது எங்களுக்குப் பழகிவிட்டது. தடைசெய்த வலை போடுகிறவர், மீனுக்கு வெடி வைக்கிறவர் முன்வாங்கில் இருந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒரு சுவாமி பிரசங்கத்தில் அதைச் சொன்னார்; அடுத்த திருநாளுக்குக் காணிக்கை குறைந்தது. (திருநாள் முடிந்து கடற்கரையில் கிடக்கிற பிளாஸ்டிக் கொடியும் தண்ணீர்ப் போத்தலும் யாருடையவை என்று நீங்கள் கேட்காதது நல்லது.)

மதமாற்றம் பற்றிக் கேட்டீர்கள். அந்த அம்மாவைக் கடைசியாகக் கண்டது ஒரு வெள்ளிக்கிழமை. பத்திரகாளி அம்மன் கோயிலில் இருந்து நேராக வந்திருந்தார். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, ஐம்பது ரூபாயைக் கையில் திணித்தார். "உங்கட மாதாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடு. ஒரு இடத்தில கேக்காட்டி மற்ற இடத்திலயாவது கேக்கட்டும்." கொளுத்தினேன். மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. அடுத்த கொப்பிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.