வாய்ப்பேச்சில் முடியும் ஜாப் ஒர்க்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் சில பவர் டேபிள்களை (மின் தையல் இயந்திரங்களை) வைத்து, ஏற்றுமதி நிறுவனங்கள் தரும் துணியில் கூலிக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். சரக்கைக் கொடுத்து மூன்று மாதம் ஆன பிறகு ‘டேமேஜ்’ என்று டெபிட் நோட் போட்டுக் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாம் வாய்ப்பேச்சில் முடிந்த ஆர்டர்கள். எழுத்தில் கேட்டால் அடுத்த ஆர்டர் வராதோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்வது?

பதில்: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், ஆனால் தகராறு என்று வந்தால் அதை மெய்ப்பிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. கழுத்துப் பட்டிக்குக் கீழே தெரியும் ஒரு சிறு ஓட்டை, துணி பின்னும்போதே விழுந்ததா, தைக்கும்போது ஊசி அறுத்ததா என்பதைப் பீஸைக் கையில் வைத்துப் பார்த்தால் அனுபவமுள்ள செக்கிங் ஆள் சொல்லிவிடுவார். சரக்கு கப்பலேறிப் போன பிறகு அதை யாராலும் சொல்ல முடியாது. பழி மட்டும் தைத்தவர்மேல் நிற்கும்.

ஆகவே கூலியைப் பேசும்போதே, செக்கிங் யாருடைய இடத்தில் எத்தனை நாளுக்குள் நடக்க வேண்டும், நூற்றுக்கு எத்தனை பீஸ் வரை சேதம் ஏற்கப்படும், துணிக் குறைக்கும் தையல் குறைக்கும் யார் யார் பொறுப்பு, குறையுள்ள பீஸைத் திருப்பித் தந்து சரிசெய்ய வாய்ப்பளிக்காமல் தொகையைப் பிடிக்கலாமா என்பவற்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அவர்களிடமிருந்து துணியைப் பெறும்போது எடையையும் கண்ணில் படும் குறைகளையும், சரக்கோடு வரும் டெலிவரி சலான் சீட்டிலேயே குறித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெரும்பாலான சண்டைகள் அந்த ஒரு கையெழுத்து இல்லாததால்தான் வளர்கின்றன.

பணம் வர வேண்டிய நாளைப் பொறுத்தவரை, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், அதை ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதி அந்தக் கெடு கணக்கிடப்படும். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாக ஏறும். குறு, சிறு தொழில் நிறுவனம் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் (Udyam) பதிவை இன்னும் செய்யவில்லையென்றால் அடுத்த ஆர்டரை ஏற்கும் முன்பே செய்துவிடுங்கள்.

இன்னொரு உரிமையைப் பலர் அறிவதில்லை. உழைப்பைச் செலுத்திய பொருளை, அதற்குரிய கூலி வரும்வரை கையில் நிறுத்தி வைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் சரக்கின் கூலிக்காக மட்டுமே நிறுத்தலாம். பழைய பாக்கிக்காக நிறுத்த முடியாது. அதோடு, தைத்தவுடன் கொடுத்துவிடுகிறேன், பணத்தைப் பிறகு தாருங்கள் என்று கடனுக்கு ஒப்புக்கொண்டவருக்கு அந்த உரிமை கிடையாது. அந்தச் சட்டமே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது, கோட்டைத் தைத்துவிட்டு மூன்று மாதக் கடன் கொடுத்த தையல்காரரைத்தான். தவணை கொடுக்கும்போது எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதை அறிந்தே கொடுங்கள்.

ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். அதற்குப் பதிலாக, பேசி முடித்த அன்றே ‘நாம் பேசியபடி’ என்று தொடங்கி அனைத்தையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, ‘சரி’ என்ற பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். மின்னணு வழியில் ஏற்படும் ஒப்பந்தத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் ஏற்கிறது. அந்த ஒரு ‘சரி’யைக்கூடச் சொல்ல மறுப்பவர், பின்னாளில் டெபிட் நோட் போடப்போகிறவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நிபந்தனைகளைப் பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. பில் போகும்போது வேலையே முடிந்திருக்கும். ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு ஒருவர் மட்டும் சேர்க்கும் நிபந்தனை மற்றவரைக் கட்டுப்படுத்தும் என்று நம்பியிருக்க முடியாது. துணி உங்கள் யூனிட்டுக்குள் வருமுன் அவை அவர் கைக்குப் போயிருக்க வேண்டும்.