ரவுட்டர் ஃபர்ம்வேர் புது ரிலீஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

அண்ணா, ரவுட்டர்ல கம்பெனி குடுத்த ஃபர்ம்வேருக்கு (ரவுட்டர ஓட்டுற சாஃப்ட்வேர்) பதிலா போடுற ஓப்பன் டபிள்யூஆர்டி 24.10 வந்தது 2025 பிப்ரவரியில, அப்புறம் ஏன் 2024 அக்டோபர் மாதிரி அந்த நம்பர்?
அது ரிலீஸ் தேதி இல்ல தம்பி. மெயின் கோட்ல இருந்து தனி பிராஞ்ச் (ரிலீஸுக்குன்னு வைக்கிற காப்பி) பிரிக்கிற காலத்த ஒட்டி வைக்கிற நம்பர். பிரிச்சதுக்கப்புறம் புதுசா பெரிய வசதி எதுவும் உள்ள விடமாட்டாங்க, பெரும்பாலும் பக் ஃபிக்ஸ் தான்.

ஆர்சி1 (ரிலீஸுக்கு முன்னாடி விடுற முதல் டெஸ்ட் வெர்ஷன்) வந்த அப்புறமும் ஒவ்வொரு ரிலீஸும் ஏன் இழுக்குது? கோட் ரெடி தானே?
கோட் ரெடி தான் ப்ரோ, டெஸ்ட் பண்ண ஆள் தான் இல்ல. எத்தனையோ மாடலுக்கு பில்ட்பாட்ங்கிற சிஸ்டம் தானா இமேஜ் (ரவுட்டர்ல ஏத்துற ஃபைல்) கட்டிக் குடுத்துடும், ஆனா கம்பைல் ஆனதெல்லாம் பூட் ஆகும்னு ஒண்ணும் இல்ல. என்கிட்ட ஒரு பழைய பெட்டி இருக்கு, பில்ட் பச்சை (எரர் இல்லாம கட்டியாச்சு), இமேஜ ஏத்துறதும் ஒழுங்கா முடிஞ்சுது, அப்புறம் பாத்தா பவர் லைட் மட்டும் சிமிட்டுது வேற அசைவே இல்ல, மூடியக் கழட்டி சீரியல் வயர் மாட்டி பாத்தா "எல்இசட்எம்ஏ எரர் 1"னு ஒரே வரி. என்னன்னா எல்இசட்எம்ஏ முறையில சுருக்கி வச்ச கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) பெருசாயிடுச்சு, உள்ள இருக்குற பழைய யூபூட்டால (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற ப்ரோகிராம்) அத விரிக்க முடியல. கெர்னலுக்கு முன்னாடி சின்னதா ஒரு லோடர் வச்சு அது விரிக்கிற மாதிரி செஞ்சா சரியாயிடும். சின்ன வேலை தான், ஆனா அந்த பெட்டி கையில இருக்குறவன் சொன்னா தானே தெரியும்!

என் ரவுட்டர் 4 எம்பி ஃப்ளாஷ் (ஸ்டோரேஜ்), 32 எம்பி ராம். புதுசு போடலாமா?
வேணாம். 19.07 தான் அதுக்கு கடைசி, அதுவே மூச்சு வாங்கும்.

செட்டிங்ஸ் அழியாம அப்கிரேட் ஆகுமா சார்?
பக்கத்து வெர்ஷன்னா பொதுவா ஆகும். ரொம்ப பழசுல இருந்து தாவுனா வம்பு. 21.02ல பல மாடலுக்கு லேன் போர்ட்டுகள கையாள்ற முறையே டிஎஸ்ஏங்கிற புது முறைக்கு மாறிடுச்சு, அந்த மாடல்ல பழைய விலான் (நெட்வொர்க்க தனித்தனியா பிரிக்கிற) கான்ஃபிக்க அப்படியே கொண்டு போனா லேன் போர்ட்டே செத்துடும், புதுசா எழுதுறது தான் வழி. 22.03ல ஃபயர்வால் ஐபிடேபிள்ஸ்ங்கிற பழைய முறைய விட்டு என்எஃப்டேபிள்ஸ்ங்கிற புதுசுக்கு போயிடுச்சு, நீங்க கையால எழுதுன ஐபிடேபிள்ஸ் ரூல்ஸ் அங்க வேலைக்கு ஆகாது. அப்புறம் சாதாரணமா அப்கிரேட் பண்ணா நீங்களா போட்ட பேக்கேஜ் எதுவும் மிஞ்சாது, லிஸ்ட் எடுத்து வச்சுக்கோங்க. நிறைய பேர் இத மறந்துட்டு நம்மள தான் திட்டுவாங்க.

செக்சம் (டவுன்லோட் பண்ண ஃபைல் மாறலன்னு காட்டுற கைரேகை மாதிரி எழுத்துத் தொடர்) எல்லாம் யாரு பாக்குறா? தேவையா?
தேவை. 2024 டிசம்பர்ல வெளிய வந்த ஓட்டை ஞாபகம் இருக்கா? கேட்டபடி இமேஜ் கட்டிக் குடுக்குற சர்வர்ல ஹாஷ (அதுவும் கைரேகை மாதிரி ஒரு எழுத்துத் தொடர்) முழு 64 எழுத்தும் பாக்காம 12 எழுத்தா வெட்டி வச்சிருந்தாங்க. கூடவே இன்னொரு ஓட்டை வழியா கமாண்டும் ஓட்டலாம், ரெண்டையும் சேத்தா நல்ல இமேஜுக்கு பதிலா கெட்டது ஒண்ண தள்ளி விட்டுடலாம். தெரிஞ்ச அன்னிக்கே அடைச்சாங்க. அதனால நீங்க சரிபாக்கும்போதும் முதல் நாலு எழுத்து கடைசி நாலு எழுத்துன்னு கண்ணால பாக்காதீங்க, கமாண்ட் போட்டு முழுசா பாருங்க.

எனக்கு கோடிங் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?
ஆர்சி போட்டு பாருங்க, ஆனா வீட்ல எல்லாரும் நம்பியிருக்குற ஒரே ரவுட்டர்ல வேணாம், உதிரியா ஒண்ணு இருந்தா அதுல. "ஒர்க் ஆகல"ன்னு மட்டும் எழுதாதீங்க. பெட்டிய திருப்பி ஸ்டிக்கர்ல வி1ஆ வி2ஆன்னு பாத்து எழுதுங்க, உள்ள சிப்பே வேறயா இருக்கும். எந்த வெர்ஷன்ல இருந்து வந்தீங்க, லாக்ரீட்ல (ரவுட்டர் லாக்க காட்டுற கமாண்ட்) என்ன வந்துச்சு, அதையும் போடுங்க. ஒழுங்கா ஓடுனாலும் ஓடுதுன்னு ஒரு வரி போடுங்க, அத தான் யாருமே போடறதில்ல.