அகலம் மாறினால் ஜன்னல் சட்டம் நகராதது ஏன்?
வணக்கம். ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் உள்ள உங்கள் ஜன்னல் ஃபேமிலியில் (அளவு மாற்றிப் பயன்படுத்தும் மாதிரியில்) அகலத்தை 900 மில்லிமீட்டரிலிருந்து 1200 ஆக்கினால் ஒரு பக்கம் மட்டும் விரிகிறது, சட்டமும் நகரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலாவது எளிது. இடது, நடு, வலது ரெஃபரன்ஸ் பிளேன்கள் (வடிவத்தை வரைய வழிகாட்டும் தளங்கள்) மூன்றையும் தொடும்படி ஒரே தொடர் அளவுக்கோடு போட்டு, அதில் தெரியும் ஈக்யூ (EQ, சம இடைவெளி) குறியை அழுத்துங்கள். அகலப் பராமீட்டர் (அகலத்தை மாற்ற உதவும் மதிப்பு) இடது, வலது பிளேன்களுக்கு இடையிலான தனி அளவுக்கோட்டில் இருக்கட்டும்.

சட்டம் நகராததற்குக் காரணம், அதன் விளிம்புகள் பிளேன்களோடு பூட்டப்படாததுதான். அலைன் (ஒன்றோடொன்று நேராகப் பொருத்தும்) கருவியில் முதலில் பிளேனையும் பிறகு விளிம்பையும் தேர்ந்தெடுத்து, பூட்டுச் சின்னத்தை மூடுங்கள். விளிம்போடு விளிம்பைப் பூட்டாதீர்கள், பிளேன்தான் எலும்புக்கூடு.

ஒவ்வொரு பூட்டுக்குப் பிறகும் 600, 1500 என்று அகலத்தை மாற்றிப் பாருங்கள். கடைசியில் மொத்தமாகச் சோதித்தால், முரண்டுபிடிக்கும் பூட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.