கைடு வைத்துப் பதிக்கும் இம்பிளான்ட்: ஒரு மில்லிமீட்டர் கணக்கை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் எடுத்த இடத்தில் கம்ப்யூட்டர் கைடு (திட்டமிட்ட இடத்தில் டிரில் இறங்க வழிகாட்டும், பற்களின்மேல் மாட்டும் அச்சு) வைத்து இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) பதிக்கலாம், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகாது என்கிறார் டாக்டர். இதை எப்படி அளக்கிறார்கள்? பதித்த பிறகு மறுபடியும் சிபிசிடி ஸ்கேன் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லலாமா?

பதில்: ஒரு மில்லிமீட்டர் என்றால் எந்த இடத்தில், சராசரியா அதிகபட்சமா என்று முதலில் கேளுங்கள். அது தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அளப்பது இப்படித்தான். கம்ப்யூட்டரில் திட்டமிட்ட இம்பிளான்ட்டையும் வாயில் பதித்த இம்பிளான்ட்டையும், மற்ற பற்களை அடையாளமாகக் கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். எலும்புக்குள் நுழையும் இடம், அடிநுனி, சாய்வு, ஆழம் ஆகியவற்றில் எவ்வளவு விலகல் என்று தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். நுழையும் இடம் கச்சிதமாக இருந்தாலும் 10 மி.மீ. நீள இம்பிளான்ட் 3.5 டிகிரி சாய்ந்தால், அடிநுனி சுமார் 0.6 மி.மீ. தள்ளிப் போய்விடும்.

20 மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த அலசலில், கைடு வைத்துப் பதித்தவற்றின் சராசரி விலகல் நுழையும் இடத்தில் 1.2 மி.மீ., அடிநுனியில் 1.4 மி.மீ., சாய்வு 3.5 டிகிரி. சராசரியே இவ்வளவு என்றால் சிலருக்கு இதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். அதனால்தான் குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விட்டுத் திட்டமிடச் சொல்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது கீழ்த்தாடை நரம்புக்கு மேலே இருக்க வேண்டிய இடைவெளி. திட்டப் படத்தில் அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்; எந்த நல்ல டாக்டரும் தயங்க மாட்டார்.

அப்புறம், பல் எடுத்த இடத்துக்குப் பின்னால் இன்னொரு பல் இருக்கிறதா? இருந்தால் கைடு இருபக்கமும் பல்லின்மேல் உறுதியாக உட்காரும். கடைசிப் பல்தான் போனது என்றால் பின்பக்கம் பிடிப்பு இல்லை. டிரில்லின் அழுத்தத்தில் கைடு லேசாகக் கீழே வளையலாம். இம்பிளான்ட் சாய்வதும் ஆழமாக இறங்குவதும் இப்படித்தான் நடக்கும். கைடில் சின்னச் சின்ன ஜன்னல்கள் வெட்டியிருப்பார்கள். அவற்றின் வழியாகப் பார்த்தால் பல்லின் மேடு கைடைத் தொடுகிறதா, நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று சொல்லிவிடலாம். டிரில் செய்வதற்கு முன் செய்யும் இந்தச் சோதனையைத்தான் நான் ரொம்ப முக்கியம் என்பேன். கைடுக்கான டிரில்கள் நீளமானவை. வாயை நன்றாகத் திறக்க முடிகிறதா என்பதையும் முன்னாடியே பார்த்துவிட வேண்டும்.

சரி, மறுபடியும் ஸ்கேன்? துல்லியத்தை அளப்பதற்காக மட்டும் வேண்டாம். கூடுதல் கதிர்வீச்சு ஒருபுறம். டைட்டானியத்தைச் சுற்றிப் படத்தில் கோடும் நிழலும் விழுவதால் இம்பிளான்ட்டின் விளிம்பே மங்கலாகத் தெரியும். அதைவிட, இம்பிளான்ட்டின்மேல் ஸ்கேன் பாடி என்ற சின்னத் துண்டைத் திருகி, வாய்க்குள் கேமராவால் ஸ்கேன் எடுத்தால் போதும், கதிர்வீச்சே இல்லை. கிரவுன் (இம்பிளான்ட்டின்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) செய்ய எப்படியும் பல இடங்களில் இதைத்தான் எடுக்கிறார்கள். அதையே பழைய திட்டத்தோடு பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். நரம்பின் பாதையும் அந்தத் திட்டத்தில் இருப்பதால் இம்பிளான்ட் அதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது என்று கணித்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் தாமதிக்காதீர்கள். ஊசியின் மரப்பு போக வேண்டிய நேரம் தாண்டியும் கீழுதடோ முகவாயோ மரத்தே இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். அப்போது சிபிசிடி கட்டாயம் எடுக்க வேண்டும்.