புதிய படகுக் கூட்டுக்கு நவம்பரில் எபாக்சி பூசலாமா?

பர்மிங்ஹாம் கால்வாயில் ஓட்ட, உள்வேலை முடியாத 57 அடி எஃகுப் படகுக் கூடு வாங்கியிருக்கிறீர்கள். இந்த நவம்பரிலேயே வெளியே எபாக்சி (துருவைத் தடுக்கும் கெட்டியான பிசின் பூச்சு) பூசிவிட்டு உள்ளே பலகை அடிக்கலாமா என்கிறீர்கள். பூச்சு இப்போது வேண்டாம்.

புது எஃகின் மேல் மினுங்கும் நீலச்சாம்பல் படலம், ஆலையில் சூடாக உருட்டும்போது படிந்த ஆக்சைடு. அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சைப் பூசினாலும் படலத்தோடு உரிந்து வரும். உரிந்த இடத்தைத் தண்ணீர் குழி குழியாக அரிக்கும். கம்பித் தூரிகை அதை அசைக்காது. துகள்வீச்சுச் சுத்தம்தான், அதாவது கரடான துகள்களை வேகமாக வீசிச் சுரண்டுவதுதான் வழி. முடித்த அன்றே முதல் பூச்சு ஏற வேண்டும். எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் நவம்பரில், சூடேற்றிய கொட்டகை இல்லாமல் இதை நம்ப முடியாது. தற்காலிகமாகத் தார் பூசலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தாரின் மேல் எபாக்சி ஒட்டாது, பிறகு முழுவதையும் நீக்க வேண்டிவரும்.

குளிர்காலத்தில் பற்றவைப்பு வேலைகளை முடியுங்கள். உள்ளே குளிரைத் தடுக்கும் நுரைக் காப்பு தெளித்தபின் பற்றவைத்தால் நச்சுப்புகைதான். காப்புக்குத் தெர்மோகோல் மலிவு. ஆனால் பிவிசி மின்கம்பியைத் தொட்டால் கம்பியின் உறை நாளடைவில் விறைத்து விரிசல் விடும்.