வேலைக்குச் சைக்கிள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஆபீஸ் 9 கி.மீ. தூரம். எவ்வளவு நேரம் பிடிக்கும்? வேர்த்து ஒழுகிக்கொண்டு போய் உட்கார முடியாதே, அதற்கு என்ன வழி?

பதில்: சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. என்று கணக்கு வையுங்கள். 36 நிமிடம். பழகிய பிறகு இரண்டு மூன்று நிமிடம் குறையும், அவ்வளவுதான்.

மிதிக்கிற வரைக்கும் காற்று வேர்வையை உலர்த்திவிடும். இறங்கி நின்றதும்தான் பொத்துக்கொண்டு வரும். அதனால் கடைசி 2 கி.மீ.-யை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் சட்டை மாற்ற ஓடாதீர்கள். பத்து நிமிடம் காற்றாட நின்று, முகம் கழுத்து துடைத்து, பிறகு மாற்றுங்கள். உடனே மாற்றினால் புதுச் சட்டையும் நனையும். இன்னொன்று, பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள். முதுகு நனைவதில் பாதி அந்தப் பையின் வேலை.

கேள்வி: வாரம் ஒரு பஞ்சர். எப்போதும் பின் சக்கரம்தான். டயரை மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் ஓட்டை டியூபில் எந்த இடத்தில் என்று பாருங்கள். டியூபைக் கழற்றும் முன், வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டை கிடைத்ததும் டியூபை அதே நிலையில் டயரோடு வைத்துப் பார்த்தால், குத்திய இடம் தெரிந்துவிடும்.

டியூபின் வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், கண்ணாடிச் சில்லு, கம்பித் துண்டு. அது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கும். பலர் டியூபை ஒட்டிவிட்டு இதை எடுக்காமல் விடுகிறார்கள். அடுத்த வாரம் அதே முள் அதே இடத்தில் குத்தும். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவுங்கள், சிக்குகிற இடத்தில் ஆள் இருக்கிறான்.

பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் பார்த்த ஓட்டை என்றால் ஸ்போக்ஸ் நிப்பிளை (ரிம்மில் ஸ்போக்ஸைப் பிடிக்கும் சிறு நட்டு) மூடும் ரிம் டேப் விலகியிருக்கும். வால்வின் அடியில் கிழிசல் என்றால் ஒட்டவே முடியாது, டியூபை மாற்றுங்கள்.

நீங்களே ஒட்டுவதென்றால், உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்கி, சொல்யூஷனைப் பேட்சைவிடக் கொஞ்சம் அகலமாகத் தடவி, ஐந்து நிமிடம் காய விடுங்கள். ஈரம் போய் மங்கலான பிறகே பேட்சை வைத்து அழுத்த வேண்டும். ஒட்டு விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான்.

கேள்வி: காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்?

பதில்: டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. 35 மி.மீ. டயர், 70 கிலோ எடை என்றால் முன்னால் 50, பின்னால் 55–60 பி.எஸ்.ஐ. பின் சக்கரம்தான் அதிக எடை சுமக்கிறது. டியூப் ரப்பர் வழியாகவே காற்று மெல்லக் கசியும், ஆகவே வாரம் ஒருமுறை அடியுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்ப வேண்டாம்.

கேள்வி: அண்ணா, மிதிக்கும்போது 'கடக்... கடக்' என்று ஒரு சத்தம். கடையில் எண்ணெய் போட்டும் போகவில்லை.

பதில்: எண்ணெயால் போகிற சத்தம் கீச்சுச் சத்தம். இது ஏதோ லூசாக இருக்கிற சத்தம். மிதிப்பதை நிறுத்தி உருள விடுங்கள். சத்தம் நின்றால் பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), அது சுழலும் நடு அச்சு ஆகியவற்றில் ஒன்று. உருளும்போதும் வந்தால் சக்கரம், ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். எழுந்து நின்று மிதிக்கையில் போய்விட்டால் சீட்டுக் குழாய்.

இடது கிராங்கைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அன்றைக்கே முடுக்குங்கள். அப்படியே ஓட்டினால் கிராங்கின் சதுரத் துளை உருண்டைபோலத் தேய்ந்துவிடும், பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு) வகையிலும் பின்னைத் தட்டி உட்கார வைத்து நட்டை இறுக்க வேண்டும். பெடலில் கை வைத்தால் ஒன்று கவனம்: இடது பெடலுக்கு மரை தலைகீழ், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும்.

கேள்வி: முட்டி முன்புறம் வலிக்கிறது. வயசாகிவிட்டதா?

பதில்: வயதைக் குறை சொல்லுமுன் சீட்டைப் பாருங்கள். உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று தாழ்த்தி வைத்திருப்பீர்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடிந்திருக்கும். அதுதான் உயரம். ஒரேயடியாக ஏற்றாமல் 5 மி.மீ. வீதம் ஏற்றுங்கள். முட்டியின் பின்புறம் வலித்தால் அதிகம் ஏறிவிட்டது. கியர் இருந்தால் இலகுவானதில் வைத்து நிமிடத்துக்கு 70–80 சுற்று மிதியுங்கள். அப்படியும் வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மழையில் பிரேக் பிடிப்பதே இல்லை.

பதில்: ரிம் பிரேக்கா? ரிம்மில் உள்ள தண்ணீரைப் பிரேக் கட்டை முதலில் வழித்தெடுக்க வேண்டும், அதற்குப் பிறகே பிடிக்கும். அதிலும் குரோம் பூசிய இரும்பு ரிம் ரொம்ப மோசம், அலுமினியம் பரவாயில்லை. முன்கூட்டியே லேசாகத் தொட்டு வழித்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். கட்டையில் மணலோ உலோகத் துகளோ பதிந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மை அறுத்துவிடும்.

நனைந்த செயினை அன்று மாலையே துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியில் நிற்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே நிற்பது தூசியைத்தான் சேர்க்கும்.

கேள்வி: செயினை எப்போது மாற்றுவது?

பதில்: ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்தால் நல்ல செயின். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 தள்ளியிருந்தால் பல்சக்கரத்துக்கும் சேர்த்துச் செலவு.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு என்னதான் லாபம்? உடம்புக்கு நல்லது என்று சொல்லாதீர்கள்.

பதில்: சொல்லவில்லை. நெரிசலில் காருக்கு ஒரு நாள் அரை மணி, ஒரு நாள் ஒன்றே கால் மணி. சைக்கிளுக்கு என்றைக்கும் ஏறக்குறைய அதே 36 நிமிடம். எத்தனை மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குச் சேர்வோம் என்று தெரிந்து கிளம்புவது பெரிய சுகம். அதோடு, எதிர்காற்று இல்லாத காலையில், துடைத்து எண்ணெய் போட்ட செயின் சத்தமே இல்லாமல் ஓடும். அதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போனால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. கதவு திறந்தால் முடிந்தது. ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள். சிக்னலில் நிற்கும் லாரியின் பக்கவாட்டில் நுழையவே நுழையாதீர்கள், திரும்பும்போது டிரைவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பின்னாலேயே நில்லுங்கள், அரை நிமிடம்தான் போகும்.