‘கோ’ என்ற ஆங்கில வினை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

‘கோ’வின் இறந்தகாலம் எப்படி ‘வென்ட்’ ஆனது? ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லையே!

பொருந்தாது, அது வேறொரு வினையின் சொத்து. ‘திரும்பு, செல்’ என்ற பொருளில் ‘வெண்ட்’ என்றொரு வினை இருந்தது. ஸெண்ட், ஸ்பெண்ட் ஆகியவற்றின் கடைசி ஒலி இறந்தகாலத்தில் வல்லொலியாகிறதல்லவா, அதே முறையில் ‘வெண்ட்’டின் இறந்தகாலம் ‘வென்ட்’. ‘கோ’வுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த இறந்தகாலமோ ‘ஏயொடெ’. அதுவும் ஒட்டாத வடிவம்தான். அது மெல்ல வழக்கொழிய, 1500 வாக்கில் ‘வென்ட்’ அந்த இடத்தில் நிலைத்துவிட்டது. பறிகொடுத்த ‘வெண்ட்’ தனக்கு ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்று செய்துகொண்டு, எழுத்தில் இன்றும் அரிதாக வருகிறது. ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘கோ’விலிருந்தே பிறந்த ‘கெய்ட்’ உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் அது.

‘ஹி ஹேஸ் கான் டு டெல்லி’ என்பது சரியா?

அவர் இன்னும் திரும்பவில்லை என்றால் சரி. போய்விட்டு வந்துவிட்டார் என்றால் ‘ஹேஸ் பீன் டு’. நேற்று, போன மாதம் என்று காலத்தைச் சொல்லிவிட்டால் இரண்டும் வேண்டாம், ‘வென்ட்’ போதும்.

எங்கும் போகாமலே ‘கோயிங் டு’ என்கிறார்களே?

மழை பெய்யப் போகிறது என்கிறோம், மழை எங்கே போகிறது? ‘வாங்குவதற்காகப் போகிறேன்’ என்ற நேர்ப்பொருளில்தான் ஆங்கிலத்திலும் தொடங்கியது. 15ஆம் நூற்றாண்டிலிருந்து நடை தேய்ந்து, எதிர்காலம் மட்டும் மிஞ்சியது. இந்த இடத்தில் உங்கள் தமிழ்க் காதை தைரியமாக நம்பலாம்.

பால் ‘கோஸ் பேட்’ என்றால் ‘கெட்டுப் போகிறது’தானே? அப்படியானால் ‘பயந்து போனேன்’ என்பதற்கும் ‘வென்ட்’ போடலாமா?

கூடாது. பால் கெடுவது, பைத்தியம் பிடிப்பது, பார்வை இழப்பது, தலை வழுக்கையாவது, இவற்றுக்கு ‘கோ’ வரும். பயம், களைப்பு, தூக்கம் இவற்றுக்கு வராது. அங்கே ‘கெட்’டின் இறந்தகாலமான ‘காட்’ போடுங்கள், அல்லது ‘ஃபெல் அஸ்லீப்’ போன்ற தனி வழக்கைப் பாருங்கள்.

‘அகோ’வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. ‘கழிந்து போ’ என்ற பழைய வினையின் எச்சவடிவம் ‘அகோன்’. ‘டென் இயர்ஸ் அகோ’ என்றால் ‘பத்து வருஷம் போயாச்சு’ என்பதுதான். அதனால்தான் அந்தச் சொல் எப்போதும் கால அளவுக்குப் பின்னால் நிற்கிறது.